பன்னிரண்டு விநாடி அழுகை

நவம்பர் 24, திங்கள்

அங்கன்வாடியில் இன்று பிள்ளைகளுக்கு எடை பார்க்கும் நாள். பதினேழு பேரில் பதினான்கு பேர் வந்தார்கள். தராசு அரைக் கிலோ கூட்டிக் காட்டுகிறது என்று மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், மாற்றித் தந்தபாடில்லை. நானாகவே அரைக் கிலோவைக் கழித்துப் போனில் ஏற்றினேன்.

சாயங்காலம் திருப்பூரிலிருந்து சித்தி மகள் கூப்பிட்டாள். "எக்கா, உன்ன மறுபடியும் டிவில காட்டுதாவளே."

வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என்று காலையில் அங்கன்வாடி உதவியாளர் எஸ்தர் அக்கா சொன்னபோதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கடலில் ஒன்று உருவானால் டிவியில் நான் உருவாகிவிடுவேன். பச்சைச் சேலை, நனைந்த தலை, பள்ளிக்கூட மாடிப்படியில் உட்கார்ந்து நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுவேன். "எம்புள்ளைக்கு இனி யாரு இருக்கா" என்று ஒரு தடவை சொல்வேன். பன்னிரண்டு விநாடி. என் மகள் மகிஷா எண்ணிச் சொன்னாள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஆற்றில் வெள்ளம் வந்து ஊரே முங்கியபோது நொடிமுரசு டிவிக்காரர்கள் எடுத்த படம் அது. அதற்குப் பிறகு வந்த எல்லாப் புயலுக்கும் நான் அழுதிருக்கிறேன். போன வருடம் ஒரிசாவில் புயல் அடித்தது. அங்கேயும் தமிழில் அழுதேன்.

இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. கொடியில் போட்ட துணி பத்து மணிக்கே காய்ந்துவிட்டது.

நவம்பர் 25, செவ்வாய்

முட்டை வந்தது. இரண்டு உடைசல். மகிஷாவுக்குக் கணக்கில் அரையாண்டுக்கு முன் ஒரு தேர்வு இருக்கிறதாம்.

நவம்பர் 26, புதன்

பஸ்ஸில் இரண்டு பெண்கள் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார்கள். இறங்கும்போது ஒருத்தி கேட்டாள், "எக்கா, அந்த டிவில வாரது நீங்கதான?" இல்லை என்று சொன்னேன். பொய் சொல்ல வேண்டியிருக்கிறது.

மத்தியானம் இவர் சாப்பிட வந்தார். என் வீட்டுக்காரர் லிங்கதுரை, வாழை இலைக்கட்டு ஏற்றும் மினி லாரி ஓட்டுகிறார். சோற்றைப் போட்டுவிட்டுக் குழம்பு எடுக்க உள்ளே போனேன். டிவியில் என் குரல் கேட்டது. வெளியே வருவதற்குள் டிவியை அணைத்துவிட்டுக் கையைக் கழுவிவிட்டார்.

"ஏங்க, சாப்பிடலையா?"

"பசிக்கல."

"அவன் போடுததுக்கு நான் என்ன செய்ய?"

"நான் ஒன்னும் சொல்லலையே" என்று சட்டையை மாட்டிக்கொண்டு போனார்.

சொல்ல மாட்டார். மூன்று வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். லாரி ஸ்டாண்டில் யாரோ சிரித்திருக்கிறார்கள், "உம்ம பொண்டாட்டி உமக்கு முடிவே கட்டிட்டாளே" என்று. அன்றைக்கு வீட்டுக்கு வந்து, "தண்ணி வந்து ஒரு நாள்தானளா ஆச்சு? ஒரு நாள்கூட என்ன நம்பி இருக்க முடியலையா?" என்று கேட்டார். வெள்ளத்துக்கு முதல்நாள் தூத்துக்குடிக்கு லோடு கொண்டுபோனவர் நாலாம் நாள் நடந்தே வந்து சேர்ந்தார். வந்தவர் வந்துவிட்டார், பிறகு அதை எதற்குக் கிளற வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

நவம்பர் 27, வியாழன்

இன்று காலை ஏழு மணியிலிருந்து அந்தப் படத்துக்கு அடியில் புதிதாக எழுத்து ஓடுகிறது. "புயல் கோரத்தாண்டவம்: கணவனைப் பறிகொடுத்த பெண் கதறல்." மேலே சிவப்பில் 'சற்றுமுன்'.

புயல் இன்னும் கரையைத் தொடவில்லை. முந்நூறு கிலோமீட்டர் தள்ளிக் கடலில் நிற்கிறது என்று அதே டிவியில் அதே நேரத்தில் இன்னொரு மூலையில் எழுதியிருக்கிறார்கள். அதற்குள் எனக்குப் புருஷன் செத்துப்போனான்.

மகிஷா பள்ளிக்கூடத்திலிருந்து யாருடைய போனையோ வாங்கிக் கூப்பிட்டாள். "யம்மா, அப்பா எங்க?" இவர் வண்டியில்தான் இருக்கிறார், காலையில் பேசினேன் என்றேன். "இல்ல, இப்ப பேசினியா?" என்றாள். மழை தூறினாலே அப்பாவுக்கு மூன்று தடவை போன் போடுவாள், அது அவள் பழக்கம். இவர்கூடக் கேலி பண்ணுவார். இன்று அவள் குரல் கேலி பண்ணக்கூடியதாக இல்லை.

பதினொரு மணிக்கு உடன்குடியிலிருந்து மைனியின் பக்கத்து வீட்டுக்காரர்கள் போன் பண்ணினார்கள். வேலம்மா மைனி, இவருடைய அக்கா, தாயில்லாத இவரைத் தூக்கி வளர்த்தவர். பக்கத்து வீட்டு டிவியில் பார்த்திருக்கிறார். என் முகம், என் குரல், கணவனைப் பறிகொடுத்த பெண். தம்பி என்று கத்திக்கொண்டு பஸ் ஏற ஓடியவர் வாசல்படியில் தடுக்கி விழுந்துவிட்டார். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது.

நவம்பர் 28, வெள்ளி

ஆஸ்பத்திரி. அங்கன்வாடியை எஸ்தர் அக்கா பார்த்துக்கொண்டாள். சாம்பார் சாதத்தில் உப்புக் கூடிவிட்டதாம்.

இவரைக் கண்டதும் மைனி கையைப் பிடித்துத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "கனி, நீ ஏன்ளா அப்பிடி அழுத?" என்றார். "அது பழைய படம் மைனி" என்றேன். "பழசோ புதுசோ, அழுதது நீதான?"

நாளை மறுநாள் ஆபரேஷன். இவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். டாக்டரிடம் பேசுவதற்கு மட்டும் எழுந்தார்.

வீட்டுக்கு வந்து நொடிமுரசு டிவி நம்பரைத் தேடிப் போன் பண்ணினேன். விளம்பரம் கொடுக்க ஒன்றை அழுத்தவும், செய்தி கொடுக்க இரண்டை அழுத்தவும் என்றது. செய்தியை எடுப்பதற்கு எந்த எண் என்று சொல்லவில்லை. இரண்டை அழுத்தினேன். ஒரு பெண் எடுத்தாள். சொன்னேன். "அது ஃபைல் விஷுவல் மேடம், பழைய படம், எல்லாரும் போடுறதுதான்" என்றாள். "நான் இன்னும் ஃபைல் ஆகல தாயி, உயிரோடதான் இருக்கேன், எம் புருசனும் இருக்காரு" என்றேன். மேலிடத்தில் சொல்வதாகச் சொன்னாள். இப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது.

நவம்பர் 29, சனி

மூன்று வருடத்துக்கு முன் அந்த வெள்ளத்தில் நடந்ததைச் சரியாக எழுதிவைக்க வேண்டும். திங்கட்கிழமை மனு கொடுக்கப் போகிறேன், தேதி கேட்டால் சொல்ல வேண்டும்.

ஞாயிறு இரவு மழை. திங்கள் விடியும்போது தெருவில் இடுப்பளவு தண்ணீர். நானும் மகிஷாவும் பள்ளிக்கூட மாடியில் ஏறினோம், இன்னும் நாற்பது பேர் இருந்தார்கள். கரண்ட் இல்லை. செல்போன் கோபுரம் விழுந்து கிடந்தது. நாலு நாளைக்கு எங்கள் சுற்றுவட்டாரத்தில் ஒரு போனிலும் ஒரு கோடு சிக்னல் இல்லை.

செவ்வாய் மத்தியானம் டிராக்டரில் நொடிமுரசு நிருபரும் கேமராக்காரரும் வந்தார்கள். எல்லோரும் அவர்களைச் சூழ்ந்துகொண்டோம், வெளியிலிருந்து வந்த முதல் ஆட்கள் அவர்கள்தான். நானும் போனேன். என் வீட்டுக்காரர் இலை வண்டியோடு போனவர், பேர் லிங்கதுரை, வண்டி நம்பர் இது, கொஞ்சம் விசாரித்துச் சொல்லுங்கள் தம்பி என்று கேட்டேன். எழுதிக்கொண்டார். பொறுமையாகத்தான் பேசினார். போன் பண்ணிக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் போனார். பத்து நிமிடத்தில் திரும்பி வந்து சொன்னார். நான் அழுதேன். அதை எடுத்துவிட்டார்கள்.

அவர் யாரிடம் கேட்டாரோ, அவர்கள் தப்பாகச் சொல்லிவிட்டார்கள். வெள்ளத்தில் யாருக்கு என்ன தெரியும். அதற்காக நான் அவர்மேல் இதுவரை கோபப்பட்டதில்லை. எடுத்ததை இன்னும் போடுகிறார்களே, அதுதான்.

நவம்பர் 30, ஞாயிறு

புயல் வலுவிழந்து கரையேறிவிட்டது. வடக்கே சில இடங்களில் சாரலாம். டிவியில் அது ஒரு வரியில் வந்துபோனது.

மைனிக்கு ஆபரேஷன் முடிந்தது. இனிக் கம்பு ஊன்றித்தான் நடக்க வேண்டும்.

டிசம்பர் 1, திங்கள்

ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர் நாள். வரிசையில் இரண்டு மணி நேரம் நின்று மனு கொடுத்தேன். வாங்கிய அம்மா படித்துவிட்டு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். "நீங்களா அது? எங்க வீட்ல அத்தை உங்களப் பாத்து அழுதாங்கம்மா" என்றார். சீல் போட்டு, சேனலுக்கு அனுப்பி விளக்கம் கேட்பதாகச் சொன்னார். மரியாதையாகத்தான் பேசினார்.

திரும்புகிற வழியில் நொடிமுரசு அலுவலகம், மருந்துக்கடைக்கு மேல் மாடி. ஏறினேன். உள்ளே உட்கார்ந்திருந்தது அதே நிருபர். ஆதவன் என்று மேஜையில் பேர்ப்பலகை. இப்போது மாவட்டத்துக்கே அவர்தான் தலைமையாம். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"அம்மா, வாங்க வாங்க. உங்கள நான் மறப்பனா? என் வேலையில பெரிய பேரு வாங்கித் தந்ததே அந்த விஷுவல்தான்."

அலமாரியில் ஒரு கண்ணாடிக் கேடயம் இருந்தது. அதைக் காட்டினார். டீ வாங்கி வரச் சொன்னார். வேண்டாம் என்றேன். மைனி விழுந்ததைச் சொன்னேன். முகத்தைச் சுருக்கி, "அச்சச்சோ" என்றார். பிறகு, "டைட்டில் போடறது சென்னையில இருக்கிற டெஸ்க்மா. எங்க கையில இல்ல" என்றார்.

"எடுக்கச் சொல்லுங்க தம்பி."

"சொல்றேன். ஆனா ஒன்னு யோசிங்க. அந்த வீடியோ போன மறுநாள்தானே உங்க ஊருக்குப் படகு வந்துச்சு? பால் பவுடர் வந்துச்சு? நாங்க வந்து வெறுமனே மாடியில நாப்பது பேர் பத்திரமா இருக்காங்கன்னு சொல்லியிருந்தா யாராவது திரும்பிப் பாத்திருப்பாங்களா?"

படகு மறுநாள்தான் வந்தது, அது உண்மை.

அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. இவரையும் என்னையும் அதே படிக்கட்டில் உட்காரவைத்து ஒரு நிகழ்ச்சி எடுக்கலாமாம். 'அழுத பெண் இன்று எங்கே.' "கணவர் திடீர்னு பின்னாலேருந்து வர்ற மாதிரி எடுப்போம்மா. நீங்க திரும்பிப் பாத்து உடைஞ்சு அழணும். அன்னைக்கு எவ்வளவு நேச்சுரலா அழுதீங்க, அதே மாதிரி."

எழுந்தேன். வாசல்வரை வந்தவர் தானாகவே சொன்னார், "தப்பா நெனைக்காதீங்க. அன்னைக்கு வேற யாரும் அழலைமா. எல்லாரும் பசிக்குதுன்னுதான் சொன்னாங்க. சாயங்காலத்துக்குள்ள ஒன்னு அனுப்பியாகணும் எனக்கு."

படி இறங்கி வந்துவிட்டேன். பஸ்ஸில் இடம் கிடைத்தது.

டிசம்பர் 2, செவ்வாய்

பருப்புக் கடைந்தேன். பிள்ளைகளுக்கு அஞ்சுவிரல் பாட்டு சொல்லிக்கொடுத்தேன். நடுவில் நிறுத்திவிட்டேன்போல. "டீச்சர், என்ன ஆச்சு?" என்று எஸ்தர் அக்கா தோளைத் தொட்டாள்.

வெள்ளத்தின்போது போன் வேலை செய்யவில்லை. நானே சனிக்கிழமை எழுதியிருக்கிறேன், ஒரு போனிலும் ஒரு கோடு சிக்னல் இல்லை என்று. நானே அடுத்த பத்தியில் எழுதியிருக்கிறேன், போன் பண்ணிக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று போனார் என்று. இரண்டையும் ஒரே பக்கத்தில், ஒரே பேனாவில் எழுதியிருக்கிறேன்.

ஆதவன் யாரிடமும் கேட்கவில்லை. யாரும் அவரிடம் தப்பாகச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் போய்ப் பத்து நிமிடம் நின்றுவிட்டு வந்திருக்கிறார். நான் வண்டி நம்பர் கொடுத்தேன். அந்த நம்பரையே திருப்பிச் சொன்னார். "அந்த நம்பர் வண்டி பாலத்துல அடிச்சிட்டுப் போயிருச்சாம்மா, டிரைவர் பாடி கெடைச்சிருக்கு." அவர் சொல்வதற்கு முன்பே கேமராக்காரர் கேமராவைத் தோளில் வைத்துவிட்டார். அதை நான் பார்த்தேன். மூன்று வருடமாக எனக்கு அது ஞாபகம் இருக்கிறது. ஏன் யோசிக்கவில்லை?

பெற்ற தாய் செத்தால்கூட பக்குவமாகச் சொல்ல ஆள் தேடுவார்கள். எனக்குச் சாகாத புருஷனைச் சாகடித்து, அழுகையை எடுத்துக்கொண்டு, டிராக்டரில் ஏறிப் போய்விட்டான். இதற்கு ஒரு கேடயம்.

டிசம்பர் 3, புதன்

மனுவுக்குப் பலன் கிடைத்துவிட்டது. சேனலில் என் முகத்தை மங்கலாக்கிப் போடுகிறார்கள். குரல் அப்படியே இருக்கிறது. முகம் மங்கலானதும் இன்னும் பெரிதாக என்னமோ நடந்துவிட்டது போலத் தெரிகிறது. "யாரையோ கெடுத்துட்டானுவ போல டீச்சர்" என்று ஒரு பிள்ளையின் அம்மா என்னிடமே சொன்னாள்.

டிசம்பர் 4, வியாழன்

இன்று சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் இவர் சீக்கிரம் வந்தார். மகிஷா புத்தகத்தை விரித்து உட்கார்ந்திருந்தாள். டிவியை அணைத்துவிட்டு, செவ்வாய்க்கிழமை எழுதியதை அப்படியே வாசித்துக் காட்டினேன். வாய்விட்டுச் சொன்னால் பாதியில் நின்றுவிடுவேன் என்று பயம்.

முடித்ததும் இவர் கேட்டார், "நான் செத்துட்டேன்னு ஒங்கிட்ட சொன்னானா?"

"ஆமா."

"நீ இத்தன நாளு ஏன் சொல்லல?"

சொல்லாததற்குக் காரணம் அங்கேதான் உட்கார்ந்திருந்தது. இதுவரை இந்த நோட்டிலும் நான் எழுதாத காரணம். மகிஷாவைப் பார்த்தேன். அவளே சொன்னாள்.

"அம்மா அன்னைக்கே எங்கிட்ட சொல்லிட்டாப்பா. ஒங்க பாடி கெடைச்சிருச்சுன்னு. நீங்க வாரதுவரைக்கும் ரெண்டு நாளு எனக்குத் தெரியும்."

பதின்மூன்று வயது அவளுக்கு அப்போது. மடியில் இழுத்துவைத்து நான்தான் சொன்னேன். அப்பா இனி வரமாட்டார், அம்மாவுக்கு நீ, உனக்கு அம்மா என்று. அவள் அழவில்லை. மாடிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்து நின்றாள். நாலாம் நாள் இவர் சேற்றில் நடந்து வந்தபோது அவள் ஓடவில்லை, கிட்டே போய்க் கையைத் தொட்டுப் பார்த்தாள். பிள்ளைக்குக் குளிர் என்று இவரிடம் சொன்னேன்.

இவர் திட்டுவார் என்று நினைத்தேன்.

"ஏளா, நான் ஒன்னு சொல்லுதேன். மேம்பாலத்துல வண்டிய ஏத்திப் போட்டுட்டு நின்னோம்லா, அறுபது எழுபது வண்டி. செவ்வாக்கெழம காலைல ஒரு டிவிக்காரன் வந்தான். மைக்குல முரசுப் படம் ஒட்டியிருந்துச்சு. ஒவ்வொருத்தரா மைக்கப் பிடிச்சுச் சொன்னோம். நானும் சொன்னேன். எம் பேரு லிங்கதுரை, இந்த ஊரு, நான் நல்லாருக்கேன், வீட்ல சண்முகக்கனின்னு பேரு, மக மகிஷா, பயப்பட வேண்டாம்னு சொல்லுங்கன்னு. எழுதிக்கூட வாங்கிட்டுப் போனான். அது டிவில வந்துருக்கும், ஒன்ன எடுக்க வந்தவனும் சொல்லிருப்பான்னு நெனச்சேன். அப்புறமும் இப்பிடி அழுதிருக்காளேன்னுதான் எனக்கு இத்தன நாளும்..."

துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டார்.

அது எந்த டிவியிலும் வரவில்லை. வந்திருந்தால் திருப்பூரிலிருந்தும் உடன்குடியிலிருந்தும் யாராவது சொல்லியிருப்பார்கள்.

செவ்வாய் காலையில் அவர்கள் கையில் என் புருஷன் உயிரோடு இருந்தார். மத்தியானம் அவர்கள் வாயில் செத்தார்.

மகிஷா அப்பாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மூன்று பேரும் சேர்ந்து சாப்பிட்டோம். தோசைக்கு மாவு பத்தவில்லை, கோதுமை கரைத்தேன்.

டிசம்பர் 6, சனி

மைனியைப் பார்த்துவிட்டு வந்தோம். இவரே எல்லாவற்றையும் அக்காவிடம் சொன்னார். மைனி என்னைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, தனக்கு வந்த இட்லியில் ஒன்றை எனக்கு வைத்தார்.

டிசம்பர் 8, திங்கள்

மூன்று பேரும் போனோம். மகிஷா பள்ளிக்கூடத்துக்கு லீவு. இவர் வண்டியை அலுவலகத்துக்கு வெளியே நிறுத்தி, இஸ்திரி போட்ட சட்டையோடு வரிசையில் நின்றார்.

போன வாரம் பார்த்த அதே அம்மா. "மனு அனுப்பியாச்சேம்மா, முகத்த மறைச்சிட்டாங்களே?"

"முகத்த மறைக்கச் சொல்லலம்மா. எடுக்கச் சொன்னேன். இப்ப இன்னொன்னும் கேக்கேன்." மனுவை நீட்டினேன். நடந்ததை முழுசாக எழுதியிருந்தோம், மகிஷாவின் கையெழுத்து. கடைசியில் கோரிக்கை: என் கணவர் மேம்பாலத்தில் நின்று பேசிய படம் நொடிமுரசு டிவியிடம் இருக்கிறது. என் அழுகையை எத்தனை நாள் காட்டினார்களோ அத்தனை நாள் அதையும் காட்ட வேண்டும்.

அந்த அம்மா இரண்டு தடவை படித்தார். பிறகு இவரைப் பார்த்து, "நீங்கதானா அவர்?" என்றார். "நாந்தான்" என்றார் இவர். அந்த அம்மா பக்கத்து மேஜைக்காரர்களைக் கூப்பிட்டுப் படிக்கக் கொடுத்தார். இதைப் போலீசிலும் கொடுங்கள் என்று தனியாக ஒரு நகல் எடுத்துத் தந்தார். காவல் நிலையத்தில் கொடுத்து ரசீது வாங்கினோம்.

டிசம்பர் 10, புதன்

காலையிலிருந்து நொடிமுரசில் அந்தப் படம் வரவில்லை. எஸ்தர் அக்கா தன் வீட்டில் கண்கொட்டாமல் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். அதை எடுத்துப் போட்ட வேறு இரண்டு சேனலில் இன்னும் இருக்கிறதாம்.

பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் கதவைப் பூட்டும்போது போன் வந்தது. ஆதவன். குரலில் பழைய மரியாதை இருந்தது, அதோடு கொஞ்சம் பயமும் இருந்தது.

"அம்மா, உங்க வீடியோவ எடுத்தாச்சு. மன்னிச்சிருங்க. அந்தப் போலீஸ் மனுவ மட்டும் வாபஸ் வாங்கிட்டீங்கன்னா..."

"எங்க வீட்டுக்காரர் பேசினது எங்க தம்பி?"

"அதெல்லாம் இருக்காதும்மா. அன்னைக்குச் சாயங்காலமே அழிச்சிருப்போம்."

"என்னோடது மூணு வருசமா இருக்கே?"

அதற்கு அவர் ஒரு பதில் சொன்னார். பேசப்பேச நான் சாவியை வைத்துவிட்டு வாசலிலேயே உட்கார்ந்து, வருகைப் பதிவேட்டின் கடைசித் தாளில் அதை எழுதிக்கொண்டேன். "இப்ப சொன்னத இன்னொரு தடவ சொல்லுங்க, எழுதணும்" என்றேன். போனை வைத்துவிட்டார்.

மனுவை வாபஸ் வாங்கப் போவதில்லை. நாளைக்குக் காலையில் இதையும் அதோடு சேர்த்துக் கொடுக்கப் போகிறேன். தாள் கிழியும், அதனால் இங்கேயும் ஒரு பிரதி. நேரம் மாலை மூன்று ஐம்பது. சாட்சி எஸ்தர் அக்கா, ஸ்பீக்கரில்தான் பேசினேன். அவர் சொன்னது, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல்:

"நான் நல்லா இருக்கேன்னு ஒருத்தர் சொல்றத வச்சிக்கிட்டு நாங்க என்னம்மா பண்றது?"